அக்கா வாங்கிய ‘மூளைச் சக்தி’ கப்சூல்

தைப்பொங்கல் கழிந்து ஒரு கிழமை இருக்கும். விசுவமடுவில் இருக்கும் என் அக்கா கிளிநொச்சிக்கு வந்து, ஏ9 வீதியோரத்து மருந்துக்கடை ஒன்றில் 7,800 ரூபாய்க்கு ஒரு போத்தல் வாங்கிக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தார். 60 கப்சூல்கள், நாளுக்கு ஒன்று, இரண்டு மாதத்துக்குப் போதும். போத்தலின் முகப்பில் ஒரு மூளையும் அதன் நடுவே மின்னல்கீற்றும் வரையப்பட்டிருந்தன. மூளைக்கலங்களின் சக்தியைக் கூட்டி, தன்னம்பிக்கையையும் மற்றவர்களுடன் பழகும் திறனையும் வளர்க்கும் என்று கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. “தம்பி, நீதானே பயோ படிப்பிக்கிறாய். இதைப் பிள்ளைக்குக் குடுக்கலாமோ எண்டு வடிவாப் பாத்துச் சொல்லு” என்றார்.

பிள்ளை என்றது அவரின் மகளை, என் மருமகளை. வயது 16, சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். வகுப்பில் கடைசி வாங்கில் இருப்பாள், கேட்டால் மட்டும் பதில் சொல்வாள், இடைவேளையில் வேப்பமரத்தடியில் தனியே அமர்ந்திருப்பாள் என்று அவளின் வகுப்பாசிரியை சொல்லியிருந்தார். அந்தக் கவலைதான் அக்காவை மருந்துக்கடைக்குக் கொண்டுபோனது. இதே கவலையோடு இதே போத்தலை வாங்கிய வேறு தாய்மாரும் பரந்தனிலும் புதுக்குடியிருப்பிலும் இருப்பதை என் மாணவர்கள் வழியாக அறிந்ததால், இந்தப் பொருளைப் பற்றி விரிவாக எழுதவேண்டும் என்று தோன்றியது.

கடையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பற்றுச்சீட்டுக் கொடுத்தார்கள், காலாவதித் திகதி தெளிவாக இருந்தது, விற்றவர் மரியாதையாகப் பேசினார் என்று அக்கா சொன்னார். ஆனால் யாருக்கு, எத்தனை வயது, வேறு ஏதும் குளிசை எடுக்கிறாரா, இரத்தம் சோதித்துப் பார்த்தீர்களா என்ற கேள்விகளில் ஒன்றையேனும் அவர் கேட்கவில்லை. பொருளின் பெயரை நான் எழுதப்போவதில்லை. இதே உள்ளடக்கத்தோடு வெவ்வேறு பெயர்களில் பல போத்தல்கள் கடைகளில் கிடைக்கின்றன, சொல்லவேண்டியது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

ஒரு கப்சூலை வெள்ளைக் கோப்பையில் திறந்து கொட்டிப் பார்த்தேன். மஞ்சள் கலந்த செம்மஞ்சள் தூள், ஈஸ்ட் போன்ற மணம், நாக்கில் வைத்தால் கசப்பு. ஒரு கப்சூலில் நிக்கொட்டினமைட்டு, அதாவது விற்றமின் பி3, 50 மில்லிகிராம், கோ-என்சைம் கியூ10 30 மில்லிகிராம், இவற்றோடு பி1, பி2, பி6 என்று சிட்டை சொன்னது. பெட்டிக்குள் நான்காக மடித்த ஒரு துண்டுப்பிரசுரம் இருந்தது. அதில் இரண்டு எலிகளின் படம்: ஒன்று நிமிர்ந்து நிற்கிறது, மற்றது ஒடுங்கிக் கிடக்கிறது. ‘சுவிஸ் ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்பது தலைப்பு. சிட்டையிலோ பிரசுரத்திலோ தமிழில் ஒரு சொல் இல்லை. வன்னியில், தமிழ்த் தாய்மாருக்கு, பிள்ளைகளின் மனம் பற்றிய வாக்குறுதியோடு விற்கப்படும் ஒரு பொருளுக்கு இது சிறிய குறை அல்ல.

அந்த எலிகள் கற்பனையல்ல. லோசான் நகரிலுள்ள சுவிஸ் கூட்டாட்சித் தொழில்நுட்ப நிறுவனத்தில் கார்மென் சாண்டியின் குழுவினர் 2015 இல் வெளியிட்ட ஆய்வு அது. அந்த ஆய்வு உண்மையிலேயே அழகானது. பிரசுரம் அதைச் சுருக்கிய விதத்தில்தான் தவறு இருக்கிறது. ஆகவே ஆய்வை முழுதாகச் சொல்லாமல் போத்தலை மதிப்பிட முடியாது.

மூளை எங்கள் உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வாக இருக்கும்போதுகூட உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ 20 சதவீதம் அதற்கே போகிறது. அதன் பெரும்பகுதி நரம்புக்கலங்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறுவதற்கும், ஒவ்வொரு செய்திக்குப் பின்னும் உள்ளே புகுந்த சோடியத்தை வெளியேற்றி, வெளியேறிய பொற்றாசியத்தை மீண்டும் உள்ளே எடுப்பதற்கும் செலவாகிறது. கிணற்றில் ஊற்று வற்றாமல் ஊறிக்கொண்டிருக்கும்போது இறைத்துக்கொண்டே இருப்பதைப் போன்ற வேலை இது, நிறுத்த முடியாது. சேமிப்பும் மிகக் குறைவு. தசைக்கும் ஈரலுக்கும் இருப்பதுபோல மூளைக்குப் பெரிய இருப்பு கிடையாது. இரத்தம் கொண்டுவரும் குளுக்கோசிலும் ஒட்சிசனிலும் அது நொடிக்கு நொடி தங்கியிருக்கிறது. அவ்விரண்டையும் கொண்டு, கலம் செலவிடக்கூடிய ஏ.ரீ.பி. என்ற சக்தி நாணயத்தை உருவாக்கும் இடம்தான் கலத்துக்குள் இருக்கும் இழைமணி. இந்த வேலையைப் படிப்படியாகச் செய்யும் புரதத் தொகுதிகளுக்குச் சிக்கல்கள் என்று பெயர். உயர்தர மாணவர்கள் மனனம் செய்யும் அந்த இலத்திரன் கடத்துகைத் தொடர், முதலாம் சிக்கல் முதல் நான்காம் சிக்கல் வரை, இழைமணியின் உள்மென்சவ்வில் பதிந்திருக்கிறது. ஐந்தாவதில் ஏ.ரீ.பி. உருவாகிறது.

சாண்டியின் குழுவினர் எலிகளை இயல்பிலேயே பதகளிப்புக் கூடியவை, குறைந்தவை என்று முதலில் பிரித்தார்கள். பின்னர் எடையில் ஒத்த, முன்பின் அறியாத இரண்டு ஆண் எலிகளை ஒரு கூட்டில் போட்டிக்கு விட்டார்கள். பதகளிப்புக் கூடிய எலிகளே பெரும்பாலும் தோற்றுக் கீழ்நிலைக்குப் போயின. அவற்றின் மூளையில் நியூக்கிளியஸ் அக்கம்பன்ஸ் என்ற பகுதியை ஆராய்ந்தபோது, அங்குள்ள இழைமணிகளில் முதலாம், இரண்டாம் சிக்கல்களின் புரதங்களும் ஏ.ரீ.பி. அளவும் குறைந்திருந்தன. மூளையின் முன்புற ஆழத்தில் இருபுறமும் கச்சான் பருப்பளவில் இருக்கும் இந்தப் பகுதி, ஒரு காரியத்துக்காக முயற்சி எடுப்பது பெறுமதியானதா என்று எடைபோடும் வலையமைப்பின் ஒரு மையம். எதிர்த்து நிற்பதா, விட்டுக்கொடுப்பதா என்பதும் ஒரு வகையில் அப்படியான கணக்குத்தானே.

அதற்கடுத்து அவர்கள் செய்ததுதான் ஆய்வின் உயிர். அந்த இடத்துக்குள் நேரடியாக, மிக நுண்ணிய குழாய் மூலம், முதலாம் அல்லது இரண்டாம் சிக்கலைத் தடுக்கும் பதார்த்தத்தைச் செலுத்தியபோது எலிகளின் சமூக நிலை இறங்கியது. அதே இடத்துக்குள் நிக்கொட்டினமைட்டைச் செலுத்தியபோது, பதகளிப்புக் கூடிய எலிகள் கீழ்நிலைக்குத் தள்ளப்படுவது தடுக்கப்பட்டது. சக்தி குறைவது தோல்வியின் விளைவு மட்டுமல்ல, தோல்விக்கான காரணங்களுள் ஒன்றும் ஆகலாம் என்று இதனால் சொல்ல முடிந்தது. 2018 இல் இதே குழுவினர் டயசிபாம் என்ற பதகளிப்பு மருந்தை மூளையின் நடுப்பகுதியில் டோபமைன் கலங்கள் உள்ள இடத்தில் செலுத்தியபோதும், அக்கம்பன்சின் இழைமணிகள் ஊக்கம்பெற்று எலிகள் போட்டியில் முன்னேறின. 2021 இல் இழைமணிகளை ஒன்றோடொன்று இணைக்கும் மைற்றோபியூசின்-2 என்ற புரதத்தை அக்கம்பன்சில் கூட்டியபோது, பதகளிப்பே குறைந்தது. வகுப்பில் இவற்றைச் சொல்லும்போது பின்வரிசைப் பிள்ளைகள்கூட நிமிர்ந்து இருப்பதைக் கண்டிருக்கிறேன்.

இனிப் பிரசுரம் விட்டுவிட்டவற்றைப் பார்ப்போம். முதலாவது, 2015 ஆய்வில் நிக்கொட்டினமைட்டு வாயால் கொடுக்கப்படவில்லை. கப்சூலாக விழுங்கும் பி3 குடலால் உறிஞ்சப்பட்டு ஈரல், தசை, தோல் என்று உடல் முழுதும் பரவுகிறது. மூளையின் ஒரு மூலையைத் தேடிப்போக அதற்கு வழி கிடையாது. இரண்டாவது, 2015 ஆய்வில் மாறியது போட்டியின் முடிவு மட்டுமே. எலிகளின் பதகளிப்போ, மற்ற எலிகளுடன் பழகும் பொதுவான விருப்பமோ மாறவில்லை என்று ஆய்வாளர்களே தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். அதாவது, போத்தலில் எழுதியுள்ள ‘பழகும் திறன்’ அந்தச் சோதனையில் கூடவேயில்லை. ஒரு கூட்டில் மற்ற எலியைப் பணியவைத்ததை, ஒரு பிள்ளை தோழிகளோடு சிரித்துப் பேசுவதற்கு ஒப்பாக்குவது விஞ்ஞானம் அல்ல. இந்த இடத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது, ஏனெனில் இந்த இரண்டையும் குழப்புவதால் பாதிக்கப்படுவது கூச்சமுள்ள பிள்ளைகள்தான்.

மூன்றாவது, தேவை. வளர்ந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 14 மில்லிகிராம் பி3 போதும். 100 கிராம் கச்சானில் மட்டும் ஏறத்தாழ 12 மில்லிகிராம் இருக்கிறது. மீனிலும் கோழியிறைச்சியிலும் தீட்டாத அரிசியிலும் இருக்கிறது. விசுவமடுக் கச்சானும் இரணைமடு மீனும் கிடைக்கும் வீட்டில் பி3 பற்றாக்குறை வருவது அரிது. பற்றாக்குறை இல்லாத உடலுக்கு மேலும் கொடுப்பது, நிரம்பிய குளத்துக்கு வாய்க்கால் வெட்டுவதுபோலத்தான். மிச்சம் வான் பாயும். கப்சூல் தொடங்கிய மூன்றாம் நாளே சிறுநீர் கடும் மஞ்சளாகப் போவதாக மருமகள் தாயிடம் சொன்னாள். அது பி2 இன் மிகுதி. கெடுதி இல்லை, ஆனால் 7,800 ரூபாயின் ஒரு பகுதி எங்கே போகிறது என்பதற்கு அதைவிட வெளிப்படையான சான்று தேவையில்லை.

இவ்வளவும் தெரிந்தும் ஏன் கொடுக்க விட்டேன் என்று கேட்கலாம். அளவுகள் ஆபத்தான அளவுகள் அல்ல. அக்காவும் ஆசையோடு வாங்கியிருந்தார். முதற் கப்சூலைக் கையில் வைத்துக்கொண்டு மருமகள் கேட்டதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை: “மாமா, இதைக் குடிச்சா நான் எல்லாரோடையும் கதைக்கோணுமோ?”

அவள் 2009 இல், போரில் இடம்பெயர்ந்தவர்கள் தங்கவைக்கப்பட்ட செட்டிக்குளம் முகாமில் பிறந்தவள். அக்காவின் வீட்டில் அவளைப் பற்றிய எல்லாக் கேள்விக்கும் அதுவே பதிலாக இருந்து வந்தது. ஏன் பேசுகிறாள் இல்லை? “அவள் முகாமுக்க பிறந்த பிள்ளை தம்பி, அப்பிடித்தான்.” ஏன் சோர்ந்து கிடக்கிறாள்? அதற்கும் முகாம். எங்கள் மண்ணில் அமைதியான பிள்ளையைக் கண்டால் ஆசிரியர், அயலவர், உதவிக்கு வரும் அலுவலர் எல்லோருடைய மனமும் முதலில் போர்க்காலத்துக்கே போகிறது. அது நியாயமான எண்ணம். பல பிள்ளைகள் விடயத்தில் உண்மையும்கூட. ஆனால் இவள் கடந்த ஆண்டு வரை பாடசாலை வலைப்பந்தாட்ட அணியில் விளையாடியவள். இடையில்தான் நின்றாள். 16 ஆண்டுகளுக்கு முந்திய முகாம், கடந்த ஆண்டு ஏற்பட்ட மாற்றத்தை எப்படி விளக்கும் என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கேட்க வைத்தது, வேடிக்கையல்ல, அந்தப் போத்தலின் விஞ்ஞானமேதான். கப்சூல் தொடங்கி ஐந்தாம் கிழமை, உயர்தர வகுப்பில் இலத்திரன் கடத்துகைத் தொடரை வெண்பலகையில் வரைந்துகொண்டிருந்தேன். முதலாம் சிக்கலில் இரும்பு-கந்தகக் கூட்டங்கள் இருக்கின்றன என்று எழுதினேன். இரண்டாம் சிக்கலிலும் இரும்பு, மூன்றாம் சிக்கலிலும் இரும்பு, நான்காம் சிக்கலில் இரும்போடு செம்பு என்று எழுதிக்கொண்டு போகையில் கை நின்றது. ஒட்சிசனைச் சுமந்து வரும் ஈமோகுளோபினிலும் இரும்பு. மூளைச் சக்திக்கென்று விற்கும் போத்தலில் இரும்பு இல்லை. நாங்கள் அதைப் பற்றி யோசிக்கவும் இல்லை.

அன்று பின்னேரமே விசுவமடுவுக்குப் போனேன். முற்றத்தில், வெளிச்சத்தில் அவளை இருத்தி, கீழ்க்கண் இமையை மெதுவாக இழுத்துப் பார்த்தேன். சிவந்திருக்கவேண்டிய உட்புறம் வெளிறி, ஓரத்தில் மட்டும் மெல்லிய கோடாகச் சிவப்பு இருந்தது. உள்ளங்கைக் கோடுகளும் அப்படியே. நகங்கள் தட்டையாகி, அழுத்திவிட்டால் நிறம் திரும்ப நேரமெடுத்தது. அக்கா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுப் பேசாமல் குசினிக்குள் போய்விட்டார்.

அரச வைத்தியசாலையில் ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 8.9 கிராம் என்று வந்தது. கருவுறாத பெண்களுக்கு 12 இற்குக் குறைந்தால் குருதிச்சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். வைத்தியர் காலைச் சாப்பாடு பற்றிக் கேட்டார். அவள் பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் வெறும் தேத்தண்ணியோடு போவது அப்போதுதான் வெளிவந்தது. மாதவிடாய் பற்றித் தாதி தனியே அழைத்துக் கேட்டார். கடந்த ஓராண்டாகப் போக்கு மிகுந்திருந்ததை அவள் தாயிடம்கூடச் சொல்லவில்லை. இன்னும் இரண்டு இரத்தச் சோதனைகளின் பின் இரும்புக் குளிசையும் பூச்சிக்குளிசையும் தந்தார்கள், பணம் வாங்கவில்லை. எல்லாக் குருதிச்சோகையும் இரும்புக் குறைவால் வருவதல்ல, தலசீமியா என்ற பரம்பரைக் குருதிநோய் உள்ளவர்களுக்கு இரும்பு தீங்காகலாம் என்பதால், சோதிக்காமல் இரும்புக் குளிசையையும் யாரும் தாமாக வாங்கிக் கொடுக்கக்கூடாது என்று வைத்தியர் அழுத்தமாகச் சொன்னார். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அதைப் பூட்டி வைக்கவேண்டும் என்றும் சொன்னார். ஒரு குழந்தை அள்ளி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

இரும்புக் குறைவு பழகும் விதத்தை மாற்றும் என்பது என் ஊகம் அல்ல. குழந்தைநல வைத்திய ஆய்வாளர் பெற்சி லோசொவ் கொஸ்ராரிக்காவில் 12 முதல் 23 மாத வயதுடைய குழந்தைகளை அவதானித்து, 1998 இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. இரும்புக் குறைவால் குருதிச்சோகை உள்ள குழந்தைகள் தாயை விட்டு விலகாமல் ஒட்டிக்கொண்டு, தயங்கி, விரைவில் களைத்து, மகிழ்ச்சியைக் குறைவாகக் காட்டின. எலிகளைவிட எங்களுக்கு மிக அருகில் இருக்கும் இந்தச் சான்று பிரசுரத்தில் இல்லை. இருந்திருந்தால் அந்தப் போத்தலை விற்பது கடினமாகியிருக்கும். குருதிச்சோகையில் தளர்வது மூளையின் ஒரு பகுதி மட்டுமல்ல. கால், மூச்சு, கவனம் எல்லாமே தளர்கின்றன. இடைவேளையில் தோழிகளோடு மைதானத்தைச் சுற்றி நடக்க மூச்சு வாங்கினால், வேப்பமரத்தடி தவிர ஒரு பிள்ளை வேறெங்கே இருக்கும்?

இரும்பு தொடங்கி மூன்று மாதங்களின் பின் ஈமோகுளோபின் 11.7 ஆகியது. பள்ளி விட்டு வந்து விழுந்து படுப்பது நின்றுவிட்டது. வலைப்பந்துக்குத் திரும்பியிருக்கிறாள், இன்னும் மேலதிக வீராங்கனையாகத்தான். சைக்கிளுக்காகத் தம்பியோடு சண்டை பிடிக்கிறாள். அக்காவுக்கு அந்தச் சத்தமே பெரிய நிம்மதி. வகுப்பில் இப்போதும் தானாகக் கை உயர்த்துவதில்லை. அது அவளின் சுபாவம். அதை மாற்ற எந்தப் போத்தலும் தேவையில்லை என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். நல்ல சாப்பாடு, தூக்கம், விளையாட்டு எல்லாம் ஒரே காலத்தில் கூடியதால், எது எவ்வளவு உதவியது என்று ஒரு பிள்ளையை வைத்து நான் கணக்குச் சொல்லமாட்டேன். ஆனால் முதல் ஐந்து கிழமை, கப்சூல் மட்டும் எடுத்த காலத்தில், வீட்டிலோ வகுப்பிலோ யாரும் எந்த மாற்றத்தையும் காணவில்லை என்பது உறுதி.

ஆகவே இந்தப் பொருளை வாங்கவேண்டாம் என்றே சொல்வேன். உள்ளே இருப்பவை போலியல்ல, தீங்கானவையும் அல்ல. பெரும்பாலும் தேவையற்றவை, விலையும் கூட. அந்தப் பணத்தில் மாதக்கணக்காக வீட்டுக்குக் கச்சானும் நெத்தலியும் வாங்கலாம். விற்பவர்களிடம் நான் எதிர்பார்ப்பது இரண்டு: சிட்டையைத் தமிழில் அச்சிடுங்கள், எலியின் மூளைக்குள் நேரே செலுத்திக் கண்டதை, விழுங்கும் கப்சூலுக்குச் சான்றாகக் காட்டுவதை நிறுத்துங்கள். பிள்ளை ஓராண்டுக்குள் ஒதுங்கிச் சோர்ந்திருந்தால், மருந்துக்கடைக்கு முன் வைத்தியசாலைக்குப் போய் இரத்தத்தைச் சோதியுங்கள். அதில் குறையில்லை என்றால், மனநல வைத்தியரிடம் போகவும் தயங்காதீர்கள்.

போத்தலில் இன்னும் 22 கப்சூல்கள் இருக்கின்றன. அதை நான் வகுப்புக்குக் கொண்டுபோய், சிட்டையை எப்படி வாசிப்பது என்று கற்பிக்க வைத்திருக்கிறேன். அக்காவின் வீட்டில் இப்போது ஒரு புதிய ஒழுங்கு உண்டு. தேத்தண்ணி இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும், தேசிக்காய்ப்புளி அதற்கு உதவும் என்று வைத்தியசாலையில் சொன்ன நாள் முதல், மத்தியானச் சோற்றுக்கும் முருங்கையிலைச் சுண்டலுக்கும் பக்கத்தில் பாதித் தேசிக்காய் வந்துவிட்டது. தேத்தண்ணி நாலு மணிக்குத் தள்ளிப்போய்விட்டது. அதை ஊற்றி எல்லோருக்கும் கொண்டுவந்து கொடுப்பது மருமகள்தான். போன கிழமை நான் போனபோது எனக்கு ஒரு கோப்பை நீட்டிவிட்டு, “மாமா, நீங்கள் சாப்பிட்டு எவ்வளவு நேரம்?” என்று கேட்டாள். அரை மணித்தியாலம்தான் என்றேன். கோப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.